குப்பம், பாடு, புறம்போக்கு: இங்கிலீஷ்ல ஜோடி இல்லாத சொல்லை எப்படிக் கரை சேர்க்கிறது?

#1 · கடற்கரை_ஸ்டேஷன்

வணக்கம் மக்களே. காசிமேட்டுல இருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் எடுத்த 40 நிமிஷ ஆவணப்படம் ஒண்ணுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடிட்டிருக்கு. கூடவே அதே பகுதி மக்களுக்கான ஒரு அவசரகால அறிவிப்பு. மூலம் இங்கிலீஷ், தமிழாக்கணும். ரெண்டுலயும் அகராதி கைவிடுற இடம் நெறைய.

படத்துல: குப்பம், பாடு, கூறு, பங்கு, பாகம், வாடை, புறம்போக்கு, சம்பந்தி, அப்புறம் 'நாங்க / நாம'. பேச்சுக்குப் பேச்சு பேஜாரு, கலீஜு, கஸ்மாலம். அறிவிப்புல: ஹசார்டு, ரிஸ்க், ஸ்பில், லீக், அப்விண்ட், ஷெல்டர் இன் பிளேஸ்.

'மொழிபெயர்க்கவே முடியாத அழகுச் சொற்கள்' மாதிரி பட்டியல் வேணாம், அது இணையம் பூரா கொட்டிக் கிடக்கு. வேலை நடக்கிற மாதிரி சொல்லுங்க. குழு விதிப்படி இங்கிலீஷையும் தமிழ் எழுத்துலயே போட்டுடுங்க.

#2 · உப்பங்கழி

சொல்லுக்குச் சொல் தேடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த வாக்கியத்துல இது என்ன வேலை பார்க்குது? தகவல் சொல்லுதா, உறவைக் காட்டுதா, இல்ல கோவத்தை மட்டும் காட்டுதா? 'பாடு' ஒரு காட்சியில மீன் வரத்து, இன்னொரு காட்சியில கஷ்டம். ரெண்டுக்கும் ஒரே இங்கிலீஷ் சொல்லைப் போட்டே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. ஆவணத்துல இது தலைகீழ். அங்க ஒரு சொல்லுக்கு ஒரே பெயர்ப்பு, கடைசிப் பக்கம் வரைக்கும்.

சப்டைட்டில்னா கணக்கு முதல்ல. வரிக்கு 42 எழுத்து, ரெண்டு வரி, நொடிக்கு 17 எழுத்து வாக்குல வச்சுக்கலாம். ஒரு சப்டைட்டில் 7 நொடிக்கு மேல நிக்கக் கூடாது. 3 நொடிப் பேச்சுன்னா கையில இருக்கிறது 51 எழுத்துதான். விளக்கக் குறிப்பு, அடைப்புக்குறி எதுக்கும் அங்க இடமே கிடையாது. அதனால விளக்கத்தை ஒரே சொல்லா மாத்தி, முதல் தடவை வரும்போது மட்டும் உள்ள ஒட்டணும். 'நெட்டுக்குப்பம்' முதல் தடவை வந்தா 'நெட்டுக்குப்பம், எ ஃபிஷிங் வில்லேஜ்'. அடுத்த தடவை வெறும் நெட்டுக்குப்பம். தாழங்குப்பம், காட்டுக்குப்பம் எல்லாத்துக்கும் இதேதான்; ஊர்ப் பேருக்குள்ள இருக்கிற குப்பத்தைத் தனியா உடைச்சு மொழிபெயர்க்காதீங்க.

பொதுப்பெயரா 'குப்பம்' வந்தா 'ஸ்லம்' போடவே கூடாது. இதுல பழைய குழப்பம் ஒண்ணு இருக்கு. 1970ல ஆரம்பிச்ச வாரியத்தோட தமிழ்ப் பேரு குடிசை மாற்று வாரியம், இங்கிலீஷ்ப் பேரு ஸ்லம் கிளியரன்ஸ் போர்டு. தமிழ்ல மாத்தப்படுறது குடிசை. இங்கிலீஷ்ல அகற்றப்படுறது ஒரு பகுதியே. 2021ல ரெண்டு மொழியிலயும் பேரை மாத்தி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆக்குனாங்க. படத்துல பெரியவங்க 'குடிசை மாத்து' ன்னு சொன்னா அது வாரியமா, அந்த வாரியம் கட்டின குடியிருப்பா, இல்ல ஓலையை எடுத்துட்டு ஷீட் போட்டதான்னு காட்சியப் பார்த்து முடிவு பண்ணுங்க. குப்பம்ங்கிறது மீனவர் ஊர். அதுக்குப் பஞ்சாயத்து உண்டு, கோயில் உண்டு, கடல்ல அதுக்குன்னு வழக்கமான இடமும் உண்டு. 'ஸ்லம்'னு ஒரு தடவை திரையில வந்துட்டா, அதுக்கப்புறம் அந்த ஊர்க்காரர் சொல்ற உரிமைப் பேச்சு எதுவும் பார்வையாளர் காதுல ஏறாது.

#3 · மூலக்கொத்தளம்

மெஷின்ல போட்டுப் பாரு தல, செம காமெடி. பாடு = 'சிங்'. கூறு = 'சே'. வாடை = 'ஸ்மெல்'. 20 பாகம் = '20 பார்ட்ஸ்'. கானா = ஆப்பிரிக்காவுல ஒரு நாடு.

#4 · ஐஸ்பெட்டி

மேல தம்பி சொன்னது சிரிப்பா இருந்தாலும் அந்த நாலு சொல்லும்தான் படத்தோட முதுகெலும்பு. ஒவ்வொண்ணா வர்றேன்.

பாகம்: ரெண்டு கையையும் அகல விரிச்ச நீளம், கடல் ஆழத்துக்கான அளவு. இங்கிலீஷ்ல நேர் சொல்லே உண்டு, 'ஃபேதம்'. 6 அடி, அதாவது 1.83 மீட்டர். ஆனா இன்னிக்கு இங்கிலீஷ்ல படம் பார்க்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு ஃபேதம் புரியாது. '20 பாகத்துல வலை உட்டோம்'னா '37 மீட்டர்ஸ் டௌன்'னு மாத்திடுங்க. நேர் சொல் இருந்தும் போடாம விடுற இடம் இது.

கூறு: தரையில பிரிச்சு வச்ச மீன் குவியல், அதுவே விலை பேசுற அலகு. எடை கிடையாது. 'கிலோ'ன்னு போட்டா தப்பு. ஏலக் காட்சின்னா 'லாட்' சரியா உக்காரும். கூடைக்காரம்மா நாலு சங்கராவை வச்சு 'கூறு நூறு'ன்னா 'ஹீப்' போதும்.

பங்கு: இதுல அசந்தா கருத்தே மாறிடும். டீசல், ஐஸு, பேட்டா எல்லாம் கழிச்சது போக மிச்சத்தை ஓனரும் ஆளுங்களும் பிரிச்சுக்கிறது பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும். 'வேஜ்' போட்டா அவரு கூலிக்காரர் ஆயிடுறாரு. மீன் இல்லைன்னா அவருக்கும் காசு இல்லைங்கிற விஷயமே காணாமப் போயிடும். வெறும் 'ஷேர்' போட்டா படகுல முதல் போட்டவர் மாதிரி தெரியும். 'க்ரூ ஷேர்', இல்லைன்னா 'ஷேர் ஆஃப் த கேட்ச்'. எழுத்து எண்ணிக்கைக்குத் தக்கபடி எடுத்துக்குங்க.

பாடு: 'இன்னிக்குப் பாடு இல்ல' = 'நோ கேட்ச் டுடே'. ஆனா பழவேற்காட்டுப் பக்கம் போனா அதே சொல் வேற. அங்க பாடுங்கிறது ஏரியில எந்த இடத்துல யாரு எப்ப வலை கட்டலாம்னு ஊர் வச்சிருக்கிற முறை, சீட்டுப் போட்டுப் பிரிக்கிறது. அதுக்கு 'டர்ன்'னு சொன்னா பாதிதான் வரும், 'ரைட்'னு சொன்னா மீதிப் பாதி. கட்டுரை, மனு மாதிரி இடத்துல 'பாடு'ன்னே வச்சு ஒரு தடவை விளக்கிடுறது நல்லது. சப்டைட்டில்ல 'ஃபிஷிங் டர்ன்'. படம் முகத்துவாரத்தோட நிக்குதுன்னா இந்தச் சிக்கல் உங்களுக்கு வராது, ஆனா பேசுறவரு பழவேற்காட்டு ஆளான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க.

லாஞ்சுன்னு நம்மாளுங்க சொல்றது விசைப்படகு, உள்ளேயே இன்ஜின் கட்டினது. அதுக்கு அரசு இங்கிலீஷ் 'மெக்கனைஸ்டு'. ஃபைபர் போட்டுல பின்னாடி மாட்டுற இன்ஜின்னா 'மோட்டரைஸ்டு'. பொதுவா பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா மீன்வளத் துறை ஆவணத்துல இது தனித்தனி வகை. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். ஃபைபர்க்காரரு பேச்சுல 'மெக்கனைஸ்டு'ன்னு போட்டீங்கன்னா, தடைக்காலத்துல சட்டத்தை மீறிக் கடலுக்குப் போனதா அவரே வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆயிடும். தடைக்காலத்தை 'ஆஃப் சீசன்'ங்காதீங்க, 'த ஃபிஷிங் பேன்'.

கட்டுமரம் பத்தி யாரும் கேட்கலை, ஆனா கேட்கணும். நம்ம சொல்லைத்தான் இங்கிலீஷ் வாங்கி 'கேட்டமரான்' ஆக்குச்சு. அங்க போய் அது ரெட்டை உடம்புள்ள சொகுசுப் படகு ஆயிடுச்சு. நம்மது கட்டைகளைச் சேர்த்துக் கயித்தால கட்டுறது, உடம்புன்னு ஒண்ணே கிடையாது. அதனால கடன் குடுத்த சொல்லைத் திருப்பி வாங்காம 'லாக் ராஃப்ட்'னு போடுங்க.

#5 · வல்லினம்

@ஐஸ்பெட்டி அண்ணே, மீன் பேரும் வாடையும் விட்டுட்டீங்களே?

#6 · ஐஸ்பெட்டி

வர்றேன் வர்றேன்.

வஞ்சிரத்துக்கு இந்தியாவுல 'சீர் ஃபிஷ்' போதும். வெளிநாட்டுப் பார்வையாளர்னா 'ஸ்பானிஷ் மேக்கரல்'. 'கிங் மேக்கரல்'னு மெனுவுல பார்க்கிறதை எடுத்துக்காதீங்க. அமெரிக்காவுல அந்தப் பேருல விக்கிறது அட்லாண்டிக் மீன், வேற இனம். நம்மது ஸ்கோம்பரோமோரஸ் காமர்சன். மீன் பேரு கதைக்கு முக்கியம் இல்லைன்னா 'பிக் ஃபிஷ்'னு போட்டுட்டுப் போங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

வாடை: வடக்கே இருந்து வர்ற காத்து. கொண்டல் கிழக்கு, தென்றல் தெற்கு. வாடையோட குளிரும் மழைக்காலமும் சேர்ந்தே வரும். 'நார்த் விண்ட்'னா திசை மட்டும்தான் கிடைக்கும். 'வாடை உழுந்துச்சு'ங்கிறதுல பருவம் மாறுறதும் அடங்கியிருக்கு, அதனால 'வென் த நார்த் விண்ட் செட்ஸ் இன்'. அந்த 'செட்ஸ் இன்' பருவத்தைக் கொண்டாந்துடும்.

இதோட ஒரு பொறி. இங்கிலீஷ் மாலுமி வழக்குல காத்துக்கு அது எங்கேருந்து வருதோ அந்தத் திசை பேரு. நீரோட்டத்துக்கு அது எங்க போவுதோ அந்தத் திசை பேரு. 'நார்தர்லி விண்ட்' வடக்கேருந்து வருது, 'நார்தர்லி கரண்ட்' வடக்கு நோக்கிப் போவுது. நம்மாளு 'வடக்கே இருந்து தண்ணி இழுக்குது'ன்னா அதை 'நார்தர்லி கரண்ட்'னு போட்டா அப்படியே எதிர்த்திசை. 'த கரண்ட் ஃப்ரம் த நார்த்'னு உடைச்சு எழுதிட்டா வம்பே இல்லை. எண்ணெய் எந்தப் பக்கம் போச்சுன்னு பேசுற காட்சியில இது ரொம்ப முக்கியம்.

#7 · பத்திர_எழுத்து

புறம்போக்கு என் தொகுதி.

நிலப் பதிவேட்டுல புறம்போக்குன்னா தீர்வை விதிக்காம, பொது உபயோகத்துக்கோ அரசுக்கோ ஒதுக்கி வச்ச நிலம். அதுக்குள்ள மேய்க்கால், நீர்நிலை, சாலை, நத்தம்னு பல வகை. 'வேஸ்ட்லேண்ட்'னு பெயர்க்கிறது தப்பு, தரிசு வேற. 'என்க்ரோச்டு லேண்ட்'ங்கிறது அதைவிடத் தப்பு, ஏன்னா ஆக்கிரமிப்புங்கிறது ஒருத்தர் செய்யிற செயல், புறம்போக்குங்கிறது நிலத்தோட வகைப்பாடு. வருவாய்த் துறை இங்கிலீஷ்லயே 'போரம்போக்'தான் எழுதுறாங்க. அதனால சான்றிட்ட மொழிபெயர்ப்புல அதையே வச்சு, முதல் இடத்துல சதுர அடைப்புக்குள்ள ஒரு வரி விளக்கம், பக்கத்துல 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு'ன்னு தெளிவா. பட்டா, சிட்டா, அடங்கல், நத்தம் எல்லாத்துக்கும் இதே முறை. 'இன்னார் வகையறா'ன்னு பட்டாவுல வந்தா 'அண்ட் அதர்ஸ்'. 'ஃபேமிலி'ன்னு போட்டா பங்குதாரர் யாருங்கிறதை நீங்களே தீர்ப்பு சொன்ன மாதிரி. கிரவுண்டுன்னு வந்தா விட்டுட்டு, பக்கத்துல 2400 சதுர அடின்னு போட்டுடுங்க, சென்னைக்கு வெளியே அந்த அளவு யாருக்கும் தெரியாது.

படத்துல ஒரு அம்மா 'அது பொறம்போக்கு நெலம் சார், எல்லாருக்கும் சொந்தம்'னு சொன்னா 'காமன் லேண்ட்' அழகாப் பொருந்தும். அதே அம்மா அடுத்த நிமிஷம் ஒருத்தரைப் பார்த்து 'பொறம்போக்கு'ன்னு திட்டினா 'குட் ஃபார் நத்திங்'. ரெண்டையும் இணைக்கணும்னு ஆசைப்படாதீங்க. சப்டைட்டில்ல சிலேடை கடத்த முயற்சி பண்ணினா ரெண்டு அர்த்தமும் போயிடும்.

உறவுமுறை. சம்பந்தி, சகலை, ஓரகத்தி மூணுக்கும் இங்கிலீஷ்ல தனிச்சொல் இல்லை. விசா, வாரிசுப் பத்திரம்னா உறவுச் சங்கிலியை முழுசா எழுதணும்: 'ஃபாதர் ஆஃப் மை சன்ஸ் வைஃப்'. மாமான்னு வந்தா நிறுத்திக் கேளுங்க. அம்மாவோட தம்பியா, அத்தை வீட்டுக்காரரா, மாமனாரா? சப்டைட்டில்ல இந்தக் கவலை வேணாம், பேரைச் சொல்லிட்டுப் போங்க.

எதிர்த்திசையில 'கசின்' இன்னும் மோசம். சித்தப்பா மகன்னா அண்ணன் தம்பி, அத்தை மகன்னா கட்டிக்கிற முறை. தெரியாத நிலையில 'சகோதரர்'னு எழுதிட்டா, கல்யாணம் சம்பந்தப்பட்ட வழக்குல அது வெடி. கேட்டுத் தெரிஞ்சுக்க வழியே இல்லைன்னா 'பெற்றோரின் உடன்பிறந்தவரது மகன்'னு நீட்டி எழுதுங்க. அசிங்கமா இருக்கும், ஆனா பொய்யா இருக்காது.

#8 · வல்லினம்

சொல்லைவிட இலக்கணத்துல தொலையுறது அதிகம். ரெண்டு மூணு இடம் காட்டுறேன்.

நாங்க / நாம: கேக்குறவரைச் சேர்க்காம, சேர்த்து. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'வீ'. முக்கால்வாசி இடத்துல இது பிரச்சினையே இல்லை, காட்சியே சொல்லிடும். ஆனா ஊர்க் கூட்டத்துல பேச்சுவார்த்தை நடக்கும்போது ஒருத்தர் 'நாங்க கேட்டோம், நாங்க கேட்டோம்'னு ஆரம்பிச்சுத் திடீர்னு எதிர்த்தரப்பைப் பார்த்து 'நாம ஒண்ணாப் போய்க் கேப்போம்'னு மாறுவாரு. அந்த ஒரு சொல் மாற்றம்தான் அந்தக் காட்சியே. அங்க மட்டும் 'ஆல் ஆஃப் அஸ், டுகெதர்' போடுங்க. முன்னாடி 'அவர் வில்லேஜ்'.

'-ஆம்': 'தண்ணில எண்ணெய் வருதாம்'. அவரு பார்க்கலை, கேள்விப்பட்டாரு. 'தே சே' சேர்க்கலைன்னா நேர்ல பார்த்த சாட்சி ஆயிடும்.

#9 · பத்திர_எழுத்து

@வல்லினம் இதை அடிக்கோடு போட்டு ஒட்டணும். சாட்சி வாக்குமூலத்துல 'அவர் அங்கே இருந்தாராம்'ங்கிறதை 'ஹீ வாஸ் தேர்'னு பெயர்த்தா கேள்விச் சாட்சியம் நேரடிச் சாட்சியமா மாறுது. 'ஐ வாஸ் டோல்டு தட்' இல்லாம அந்த வாக்கியம் ஆரம்பிக்கவே கூடாது.

இன்னொண்ணு: 'அவர்'. மூலத்துல ஆணா பெண்ணான்னு இல்லை, இங்கிலீஷ்ல 'ஹீ'யா 'ஷீ'யான்னு தேர்ந்தாகணும். ஊகிக்காதீங்க, கேள்விப் பட்டியல்ல போட்டுப் படக்குழுவுக்கு அனுப்புங்க. 'மீனவர்'க்கு 'ஃபிஷர்ஃபோக்' இருக்கு. மீன் விக்கிற பெண்களை 'ஃபிஷர்வுமன்'னா கடலுக்குப் போறவங்கன்னு அர்த்தமாகும், 'ஃபிஷ் வெண்டர்'.

#10 · வல்லினம்

எத்தனையாவது, வந்து தொலைச்சான், இதெல்லாம் பெரிய புதிர் மாதிரி எல்லாரும் பேசுவாங்க. நடைமுறையில சுலபம். 'நீ எத்தனையாவது புள்ள?'க்கு 'ஆர் யூ த எல்டஸ்ட்?'னு கேட்டா பதில்ல சரியாயிடும். 'தொலை'க்கு 'ஹீ ஹேட் டு டர்ன் அப், டிடின்ட் ஹீ'. விடுங்க.

#11 · மூலக்கொத்தளம்

மெயின் மேட்டருக்கு வாங்க. பேஜாரு, கலீஜு? நம்ம பாஷைக்கு இன்னா பண்றது? வெளிநாட்டுப் படத்துல எல்லாம் லோக்கல் இங்கிலீஷ் போடுறாங்களே, 'மேட்', 'இன்னிட்', 'ப்ரோ'ன்னு. அதே மாதிரி போட்டா கெத்தா இருக்கும்ல?

#12 · உப்பங்கழி

கெத்தா இருக்காது தம்பி. 'இன்னிட்' போட்ட உடனே ராயபுரத்து ஆளு லண்டன் ஆளாயிடுறாரு. 'இன்னா', 'கீது', 'வந்துகினு' எல்லாம் இந்த ஊர் இலக்கணம். அதைப் பேசுறவருக்கு அது இயல்பு, கொச்சை கிடையாது. அதுக்கு எழுத்துப் பிழையோட இங்கிலீஷ் போடுறது அவரைக் கோமாளி ஆக்குறது. இலக்கணத்துக்கு நேரான இங்கிலீஷ், நிறம் வேணும்னா தேர்ந்தெடுத்த ரெண்டு மூணு சொல்லுல மட்டும்.

#13 · திருவொற்றியூர்_தேரடி

ஒத்துக்க மாட்டேன் உப்பங்கழி சார். நேரான இங்கிலீஷ் போட்டா ஆபீசரும் வலைக்காரரும் ஒரே மாதிரி பேசுற மாதிரி ஆயிடும். படத்துல அந்த ஏற்றத்தாழ்வுதானே விஷயம்? ஆபீசர் 'தாங்கள் விண்ணப்பிக்கலாம்'னு பேசுறாரு, இவரு 'இன்னாத்த விண்ணப்பிக்கிறது'ன்னு கேட்கிறாரு. ரெண்டும் ஒரே இங்கிலீஷ்னா அடி விழுந்த சத்தமே கேட்காது.

#14 · உப்பங்கழி

அந்த வித்தியாசத்தை ஆபீசர் பக்கம் காட்டுங்க. அவருக்கு நீட்டி முழக்கின இங்கிலீஷ்: 'யூ ஆர் அட் லிபர்ட்டி டு சப்மிட் என் அப்ளிகேஷன்'. இவருக்கு நாலு சொல்: 'அப்ளை ஃபார் வாட்?' சுருக்கம், வெட்டு, எழுவாயை விட்டுட்டுப் பேசுறது. பேச்சு வேகம் அதுல வந்துடும். எந்த நாட்டு வட்டாரமும் தேவையில்லை.

#15 · திருவொற்றியூர்_தேரடி

அந்த ஒரு காட்சிக்கு சரி. படம் பூரா இவங்க மட்டுமே பேசுறப்போ என்ன பண்ணுவீங்க? ஒப்பிட ஆபீசர் இருக்க மாட்டாரே. நான் என் கருத்துலயே நிக்கிறேன், 'கோயிங் டு', 'காட் டு'வைச் சுருக்கிப் பேசுற 'கோனா', 'காட்டா' அளவுக்காவது இறங்கணும்.

#16 · வல்லினம்

இந்தச் சண்டை தீராது, சொற்களுக்கு வர்றேன்.

பேஜாரு, கலீஜு, நாஷ்டா, உஷாரு எல்லாம் உருது வழி வந்தது. இங்கிலீஷுக்கு இது தொல்லை இல்லை: பேஜாருக்கு 'ஹாசில்', கலீஜுக்கு 'ஃபில்தி', நாஷ்டாவுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்'. தொல்லை இந்தி சப்டைட்டில்லதான். மூலச்சொல் அங்கேயே இருக்கேன்னு திருப்பிப் போட்டா வழுக்கும். அங்க 'பேசார்'னா சலிச்சுப் போனவன், மனசு விட்டுப் போனவன். இங்க பேஜாருன்னா தொந்தரவு, அதாவது ஆளோட மனநிலையில இருந்து விஷயத்தோட குணத்துக்கு நகர்ந்துடுச்சு. 'ஹோஷியார்' அங்க கெட்டிக்காரன், இங்க உஷாருன்னா ஜாக்கிரதை. நாஷ்டா மட்டும் அப்படியே செல்லும். துட்டு டச்சுக்காரன் காசு, அதுல சிக்கல் இல்லை.

கஸ்மாலம் வடமொழி. கீதையில 2ஆம் அத்தியாயம் 2ஆம் சுலோகத்துல கிருஷ்ணன் அர்ஜுனனைப் பார்த்துக் கேட்கிற அதே 'கஷ்மலம்'. அங்க மனக்கலக்கம், பாரிமுனையில வசவு. இந்த வரலாறு எல்லாம் டீக்கடையில சொல்ல நல்லா இருக்கும், சப்டைட்டிலுக்குப் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. 'யூ டர்ட்டி...' போட்டு முடிங்க.

கெட்ட வார்த்தைக்கு ஒரு கணக்கு: காதுல கேட்கிறதைவிட திரையில எழுத்தாப் படிக்கிறப்போ ஒரு படி கனமாத் தெரியும். அதனால ஒரு படி இறக்கிப் போடணும். மூச்சுக்கு மூச்சு நிரப்புச் சொல்லா வர்றதை விட்டுடலாம். நிஜமாத் திட்டுற இடத்துக்கு மட்டும் வச்சுக்குங்க, அப்பத்தான் அங்க உறைக்கும்.

'ங்க'ல இருந்து 'டா'வுக்கு ஒருத்தர் மாறுற இடத்தையும் குறிச்சு வைங்க. அதுக்கு இங்கிலீஷ்ல ஒட்டு இல்லை. அதுவரைக்கும் 'சார்' போட்டுட்டு வந்து, அந்த வரியில இருந்து 'சார்'ஐ எடுத்துட்டா போதும்.

#17 · மணலி_ஷிஃப்ட்

அறிவிப்புப் பக்கம் யாரும் தொடலை. இங்க தப்பு நடந்தா அழகு குறையுறதோட நிக்காது.

அப்விண்ட்: தமிழ்ல ஒரே சொல் இல்லை. 'காற்றின் திசையில் செல்லவும்'னு எழுதினா வாயு போற பக்கமே ஜனங்களை அனுப்புறீங்க. 'காத்து எந்தப் பக்கத்துலேருந்து வீசுதோ அந்தப் பக்கம் போங்க'ன்னு முழு வாக்கியமா எழுதணும். ஆனா வாயு அந்தப் பக்கத்துலேருந்தே வருதுன்னா அதுக்குள்ளேயே நுழையச் சொன்ன மாதிரி. 'கிராஸ்விண்ட்'தான் அங்க பாதுகாப்பு: 'காத்துக்குக் குறுக்கே'. மூல இங்கிலீஷ்ல எது இருக்குன்னு கவனமாப் பாருங்க. கொடி, புகை, மரக்கிளை பார்த்துத் திசை தெரிஞ்சுக்கலாம்னு ஒரு வரி சேர்க்க அனுமதி கேளுங்க. 'அப்ஹில்'னு ஒரு சொல்லும் கூட வரும். மணலி, எண்ணூர்ல மலை எங்க இருக்கு? மாடியா, மேட்டுத் தெருவான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. எழுதினவங்ககிட்ட திருப்பி அனுப்புங்க.

ஷெல்டர் இன் பிளேஸ்: 'பாதுகாப்பு மையத்தில் தஞ்சமடையவும்'னு பெயர்க்கிறது வழக்கமான விபத்து. நம்ம கரையில ஷெல்டர்னா புயல் பாதுகாப்பு மையம். ஜனங்க வீட்டை விட்டு ரோட்டுக்கு வந்து நடக்க ஆரம்பிச்சுடுவாங்க. சொல்லவந்தது நேர் எதிர். இப்படி எழுதுங்க: 'வெளியே வராதீங்க. இருக்கிற கட்டடத்துக்குள்ளேயே இருங்க. கதவு, ஜன்னலைச் சாத்துங்க. ஃபேன், ஏசியை நிறுத்துங்க.' நாலு சிறு வாக்கியம். மைக்குல படிச்சாலும் புரியும். பேச்சுத்தமிழா இருக்கேன்னு மேலதிகாரி 'தயவுகூர்ந்து அகத்தே இருக்கவும்' ஆக்காம பார்த்துக்குங்க.

ஹசார்டு, ரிஸ்க் ரெண்டையும் 'ஆபத்து'ன்னு போட்டா ஆவணம் அர்த்தமில்லாமப் போயிடும். தொட்டியில இருக்கிற அமோனியா ஹசார்டு. அது வெளியே வந்து உங்களை அடையுறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, அடைஞ்சா எவ்வளவு பாதிப்புங்கிறது ரிஸ்க். 'அபாயப் பொருள்', 'பாதிப்பு வாய்ப்பு'ன்னு பிரிச்சு வச்சுக்கலாம். ஒரு எச்சரிக்கை: ரசாயன லேபிள்ல 'டேஞ்சர்', 'வார்னிங்'னு ரெண்டு அடையாளச் சொல் உண்டு, டேஞ்சர்தான் கடுமையானது. டேஞ்சருக்கு 'அபாயம்', வார்னிங்குக்கு 'எச்சரிக்கை'ன்னு ஒதுக்கிட்டு, அந்த ஆவணத்துல வேற எங்கேயும் அந்த ரெண்டு சொல்லையும் அலங்காரத்துக்குத் தெளிக்காதீங்க. அப்படின்னா ஹசார்டுக்கு 'தீங்கு தரும் பொருள்' எடுத்துக்கிறது மேல்.

எரியுற திரவத்துக்கு நாலு படி இருக்கு: எக்ஸ்ட்ரீம்லி ஃப்ளேமபிள், ஹைலி ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள், கம்பஸ்டிபிள். கடைசி வகையில ஃப்ளாஷ் பாயிண்ட் (திரவத்தோட ஆவி தீப்பிடிக்க ஆரம்பிக்கிற வெப்பநிலை) 60 டிகிரி செல்சியஸுக்கு மேல, 93 வரைக்கும். நாலையும் 'எளிதில் தீப்பற்றக்கூடியது'ன்னு எழுதினா பெட்ரோலும் கனமான எண்ணெயும் ஒண்ணாயிடும். மிக மிக எளிதில், மிக எளிதில், எளிதில், கடைசியில வெறும் 'எரியக்கூடியது'. அப்புறம் டேங்கர் பின்னாடி 'இன்ஃப்ளேமபிள்'னு எழுதியிருக்கும். முன்னாடி 'இன்' இருக்குன்னு 'தீப்பற்றாதது' ஆக்கிடாதீங்க. ரெண்டும் ஒண்ணு.

ஸ்பில், லீக், டிஸ்சார்ஜ் மூணுக்கும் பத்திரிகையில 'கசிவு'தான். 2017 ஜனவரி 28ல எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினதையும் கசிவுன்னுதான் எழுதினாங்க. கசிவுன்னா சொட்டுச் சொட்டா வர்ற மாதிரி காதுல விழுது. லீக் = கசிவு, ஸ்பில் = கொட்டியது, டிஸ்சார்ஜ் = குழாய் வழியா வெளியேற்றுறது. பொறுப்பு யாரு மேலங்கிற கேள்வி இந்த மூணுலதான் தொங்குது.

#18 · கடற்கரை_ஸ்டேஷன்

எல்லாருக்கும் நன்றி. அறிவிப்பை மணலி அண்ணே சொன்னபடி வாக்கியமா உடைச்சு எழுதி, 'அப்ஹில்' பத்தின கேள்வியைத் திருப்பி அனுப்பிட்டேன். படத்துல ஒரு வரி மட்டும் பிடிகொடுக்கலை. பெரியவர் கேமராவைப் பார்த்து: 'வாடை உழுந்துச்சுன்னா லாஞ்சு போவாது, பாடும் இல்ல, நாங்க இன்னா பண்றது?' நேரம் 3.5 நொடி.

#19 · உப்பங்கழி

3.5 நொடின்னா 59 எழுத்து. அவரு பேசி முடிச்ச பிறகு அதே ஷாட்ல அமைதி இருந்தா அரை நொடி இழுத்து வைங்க, 4 நொடி, 68 எழுத்து.

மேல் வரி: வென் த நார்த் விண்ட் செட்ஸ் இன், (இங்கிலீஷ் எழுத்துல, இடைவெளியும் சேர்த்து 28)
கீழ் வரி: நோ போட்ஸ் கோ. நோ கேட்ச். வாட் டு வீ டு? (37)

மொத்தம் 65. 'நாங்க'வுக்கு வெறும் 'வீ' போதும், கேமராவைப் பார்த்துப் பேசுறதால யாரைச் சேர்க்கலைன்னு தானாத் தெரியும்.

#20 · ஐஸ்பெட்டி

'போட்ஸ்' வேணாம் சார். பெரியவர் லாஞ்சைத்தான் சொல்றாரு, அடுத்த ஷாட்லயே ஃபைபர் போட்டு ஒண்ணு கடல்ல போனா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். 'டிராலர்ஸ்' போடுங்க. மூணு எழுத்துதான் கூடும்.

#21 · கடற்கரை_ஸ்டேஷன்

கீழ் வரி 40, மொத்தம் 68. ஷாட்ல அமைதி முக்கால் நொடி இருக்கு. போட்டாச்சு.